தேயிலைத் தூளுக்குள் உங்கள் காது மெஷின்

இன்று காலையில் போத்தல் மூடியைத் திறந்ததும் தேயிலை மணம் குப்பென்று வந்தது. உங்கள் காது மெஷினைப் படுக்க வைக்கும் அதே பழைய ஜாம் போத்தல்தான். அடியில் தூள், அதன் மேல் மடித்த வெள்ளைத் துணி, துணிக்கு நடுவில் மெஷின். எப்போது திறந்தாலும் நீங்கள் ஃபெக்டரியிலிருந்து வந்து கதவடியில் சட்டையைக் கழற்றுவது போல இருக்கும். இன்று அந்த மணத்தோடு அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. போத்தலுக்குப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி இருக்கிறது, அதுதான் காரணம். அதற்குள் புது மெஷின், இரண்டு காதுக்கும் இரண்டு. நுவரெலியாவில் ஒரு கடையில் போட்டுப் பார்க்கத் தந்திருக்கிறார்கள். வருகிற சனிக்கிழமை வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ நான் சொல்லியாக வேண்டும்.

எதைச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. உங்களிடம் கேட்கலாம் என்றால், கட்டின மனுசன் நீங்கள் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள். இருந்தபோது மட்டும் என்ன வாழ்ந்தது? எதைக் கேட்டாலும் "ஒனக்கு எது சரின்னு படுதோ அதச் செய்யி புள்ள" என்பீர்கள். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு நான் ஒரு சட்டிகூட வாங்கியதில்லை. ஆனாலும் பழக்கம் விடவில்லை, உங்களிடம்தான் கேட்கிறேன்.

நீங்கள் ஃபெக்டரியில் கொழுந்து அரைக்கும் பக்கத்தில் நின்ற ஆள். அங்கே ரோலர் எல்லாம் ஓடும்போது பக்கத்தில் நிற்கிறவர் காதுக்குள் வாயை வைத்துக் கத்தினாலும் கேட்காது. பேச்சு எல்லாம் கையால், இல்லாவிட்டால் வாயசைவைப் பார்த்து. அந்தப் பழக்கத்தை வீட்டுக்கும் கொண்டுவந்தீர்கள். சோற்றுக்கு உப்பு வேண்டுமென்றால் வாயைத் திறக்கமாட்டீர்கள், விரல் நுனிகளைத் தேய்த்துக் காட்டுவீர்கள். முதல் தடவை விருந்துக்கு வந்த என் அண்ணன் நீங்கள் காசு கேட்கிறீர்கள் என்று நினைத்து முகம் கறுத்துப் போனார். பிறகு வாயைத் திறந்தீர்களென்றால் லயத்து வரிசை வீடுகள் முழுவதற்கும் கேட்கும். நம் வீட்டில் என்ன கறி என்பது கடைசிக் காம்பராக்காரருக்கும் தெரியும்.

காது நன்றாக அடைத்துப்போன பிறகுதான் கோயில் மண்டபத்தில் நடந்த முகாமில் உங்களுக்கு அந்த மெஷினைக் கொடுத்தார்கள். ஒரு காதுக்கு ஒன்று. கூடவே ஈரம் உறிஞ்சுவதற்கு ஒரு சின்னப் பையும் தந்தார்கள். நம்முடைய மலையில் தீப்பெட்டியே நனைந்து போகிறது, அந்தப் பை எந்த மூலைக்கு? நீங்கள்தான் ஒரு வழி கண்டுபிடித்தீர்கள். "தேயிலத் தூள விட ஈரத்த இழுக்கிற சாமான் எது இருக்கு?" என்று நன்றாகச் சூடேறிய தூளைப் போத்தலில் போட்டு, துணி விரித்து, அதன் மேல் மெஷினைப் படுக்க வைத்தீர்கள். சில நாளைக்கு ஒரு தடவை தூளை ஒரு சிட்டிகை எடுத்து விரலில் தேய்த்து முகர்ந்து பார்ப்பீர்கள். "நமத்துப் போச்சு" என்றால் புதுத் தூள் வரும். பழைய தூளைக் கொட்ட மனசு வராது, தேத்தண்ணி போடச் சொல்வீர்கள். காதுத் தேத்தண்ணி என்று நான் கேலி பண்ணினேன். நீங்கள் வாயசைவைப் பார்த்துவிட்டு, சாயம் பத்தாது என்று கையைக் காட்டினீர்கள்.

ஆயுத பூசையன்று நீங்கள் செய்த வேலையை மறக்க முடியுமா? ஃபெக்டரியில் மெஷின்களைக் காக்கிற சாமி ரோதைமுனிக்குப் படையல் வைத்து, மெஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் பூசுகிறார்கள். நீங்கள் காதிலிருந்ததையும் கழற்றி அந்த வரிசையில் வைத்தீர்கள். "இதுவும் மெஷின்தானே, இதுக்கு மட்டும் என்ன கொறச்சல்?" பூசாரியும் கை நிறையச் சந்தனத்தை அப்பிவிட்டார். அதோடு மெஷின் ஊமையாகிவிட்டது. சாமி குற்றம் என்று நீங்கள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தீர்கள். நான் ஊசியால் அந்தச் சின்ன ஓட்டையில் இருந்த சந்தனத்தை நோண்டி எடுத்த பிறகுதான் முனி இரங்கினார். அப்போதும் நீங்கள் ஊசியைக் கும்பிட்டீர்கள், என்னைக் கும்பிடவில்லை.

இதையெல்லாம் நினைத்தால் சிரிப்பு வருகிறது. சிரிப்பு வராத விஷயம் ஒன்று இருக்கிறது. நான் பேச உட்கார்ந்தால் நீங்கள் மெஷினைக் கழற்றிவிடுவீர்கள்.

நான் பிள்ளைக் காம்பராவில் ஆயாவாக இருந்தவள். தாய்மார் கொழுந்து பறிக்கப் போனால், இறக்கி விட்டுப்போன அத்தனை பிள்ளைகளையும் ஒரே குரலில் அடக்கினவள். பகல் முழுக்கக் குழந்தைகளோடு மழலை பேசிவிட்டு, பெரிய மனிதப் பேச்சை எல்லாம் பொழுதுபட்டு உங்களிடம் பேசச் சேர்த்து வைத்திருப்பேன். அடுப்படியில் பலகையைப் போட்டு நான் வாயைத் திறப்பேன், உங்கள் கை காதுக்குப் போகும். மெஷினைக் கழற்றி, துடைத்து, போத்தலில் வைத்து மூடுவீர்கள். மூடிவிட்டு எனக்கு நேரே வந்து உட்கார்ந்து என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

"நான் என்னா செவுத்துக்கிட்டயா பேசுறேன்?"

"பேசு பேசு, கேட்டுக்கிட்டுதான இருக்கேன்."

"கேக்குற மெஷினக் கழட்டி வச்சிட்டு எதால கேப்பீங்க?"

நீங்கள் சிரிப்பீர்கள். ஒரு தடவை நான் விடாமல் கேட்டதற்குக் கூரையைக் காட்டினீர்கள். தகரத்தில் மழை கொட்டிக்கொண்டிருந்தது. சரி, மழைச் சத்தம் காதுக்குள் இரைகிறது போலிருக்கிறது என்று அன்றைக்கு விட்டுவிட்டேன். பிறகு யோசித்தால், மாசி மாதம் வானம் வெளுத்துக் கிடந்தபோதும் கழற்றினீர்களா இல்லையா என்று ஞாபகம் வரவில்லை. நம் ஊரில் மழையில்லாத சாயங்காலம் எங்கே இருக்கிறது, ஞாபகம் வைத்துக்கொள்ள?

நீங்கள் போன பிறகு, கருமாதி முடிந்து உங்கள் சாமான்களை ஒதுக்கினோம். சட்டை, குடை, டோர்ச் எல்லாம் ஆளுக்கொன்றாகப் போயின. போத்தலை மட்டும் யாரும் கேட்கவில்லை. எனக்கும் அப்போது காது மந்தமாகிக்கொண்டு வந்தது. சும்மா போட்டுப் பார்ப்போமே என்று காதில் சொருகுகிற ரப்பரை மட்டும் சின்னதாக மாற்றி மாட்டினேன். கீ என்று ஒரு கூச்சல். அது அடங்கியதும் வீடே என் மேல் விழுந்தது. கரண்டி, வளையல், ஷொப்பிங் பை, வாசலில் குருவி, எல்லாம் ஒன்றாகக் கத்தின. அன்று பின்னேரமே மழை பிடித்தது. தகரத்தில் விழுந்த சத்தத்தைக் கேட்டால் ரோலரையெல்லாம் கூரையில் ஏற்றி ஓடவிட்டது போல இருந்தது. பிடுங்கி எறிந்துவிட்டு உட்கார்ந்தேன். அட மனுசா, இதற்குத்தான் கழற்றினீர்களா என்று நெஞ்சு கரைந்து போனது.

அந்தக் கரைச்சல் ஒரு நாள்தான் நின்றது. மறுநாள் மெஷினோடு பக்கத்துக் காம்பராச் செல்வியைக் கூப்பிட்டேன். என் குரலை நானே கேட்டேன். தகரத்தில் ஆணி கிழித்தால் வருமே, அப்படி. அப்போது இன்னொரு யோசனை வந்தது. மழைக்காகக் கழற்றினீர்களா, இந்தக் குரலுக்காகக் கழற்றினீர்களா? இரண்டுமே தாங்க முடியாததுதான். எதுவென்று சொல்ல நீங்கள் இல்லை.

ஆனாலும் மெஷினை விடவில்லை. எவ்வளவு கரடுமுரடாகக் கேட்டாலும் இது நீங்கள் கேட்ட உலகம் என்று நினைத்தேன். குருவி உங்களுக்கு இப்படித்தான் கத்தியிருக்கும், தட்டு இப்படித்தான் விழுந்திருக்கும். அப்படி நினைத்தால் தனியாக இருப்பது கொஞ்சம் குறைந்தது. யாரிடமும் இதைச் சொன்னதில்லை, சிரிப்பார்கள்.

நம் மகன் ரவி கொழும்பில் கடையில் நிற்கிறான், உங்களுக்குத் தெரியும். தினமும் ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னால் போன் எடுப்பான். அவன் பேசுவது உங்களைப் போலவே அடிக்குரல், அதுவும் மெதுவாக. உங்கள் மெஷினுக்கு அந்தக் குரல் பிடிபடவே இல்லை. முணுமுணு என்று ஏதோ வரும், நான் "சாப்பிட்டேன்டா, நீ சாப்ட்டியா" என்பேன். எப்படியும் அதைத்தானே கேட்பான்? இந்த வருஷம் டெங்கு வந்து ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறான். கட்டிலிலிருந்து போன் பண்ணி எல்லாம் சொல்லியிருக்கிறான். நான் "சரிடா சரிடா, மழையில நனையாத" என்று வைத்துவிட்டேன். செல்வியின் மகள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதற்குள் அவன் சுகமாகி வேலைக்கும் போய்விட்டான்.

லீவில் வந்தவன் என் முன்னால் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னான். "நான் செத்துப் போயிருவேன்னு பயந்துக்கிட்டு ஒங்களுக்குப் பேசினேம்மா. நீங்க நனையாதன்னு சொல்லிட்டு வச்சிட்டீங்க."

அவன் என்னைக் கோபிக்கவில்லை, அதுதான் இன்னும் கஷ்டம். மறுநாளே ராகலையிலிருந்து பஸ் ஏறி நுவரெலியாவுக்குப் போனோம்.

கடையில் வேலை செய்கிற ஒரு சின்னப் பொம்பளைப் பிள்ளை, நம் பக்கத்துப் பிள்ளைதான், என் காதிலிருந்து மெஷினை எடுத்தது. எடுத்ததும் முகர்ந்து பார்த்தது.

"அம்மா, இது ஏன் தேயில மணக்குது?"

ரவி கதையைச் சொன்னான். அது சிரித்துவிட்டு மெஷினைப் பிரித்தது. ஓரத்தில் மஞ்சளாகக் காய்ந்து கிடந்ததைச் சுரண்டி, இது என்ன என்று கேட்டது. சந்தனம் என்றேன். இன்னும் இருந்திருக்கிறது பாருங்கள். பிறகு என்னை ஒரு பெட்டி மாதிரி அறைக்குள் வைத்துச் சத்தம் விட்டு விட்டுப் பார்த்தது, மெஷினைக் கம்பியூட்டரில் மாட்டிப் பார்த்தது, கடைசியில் முகத்தைச் சுளித்தது.

"இது ஒங்க காதுக்கு வச்சதே இல்லம்மா. இது கீச்சுன்னு வர்ற மெல்லிசான சத்தத்தத்தான் தூக்கிக் குடுக்குது. அது ஒங்களுக்கு நல்லாவே கேக்குது. ஒங்களுக்குக் கேக்காதது அடித்தொண்டையில வர்ற கட்டச் சத்தம். ஆம்பளைங்க பேசுறதெல்லாம் இதுல எப்படிக் கேக்கும்?"

"தெரியும் புள்ள. எங்க வீட்டுக்காரருக்குக் கேட்ட மாதிரியே எனக்கும் கேட்டாப் போதும்னுதான் போட்டேன்."

அது ரவியைப் பார்த்தது. அப்புறம் என் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னது. "அவருக்கு இப்படிக் கேட்டிருக்காதும்மா. அவரு காதுல மெல்லிசுச் சத்தம் செத்துப் போயிருந்துச்சு, அதனால இது தூக்கிக் குடுத்தது அவருக்கு அளவாத்தான் போயிருக்கும். ஒங்க காதுல தேவையில்லாமத் தூக்குது. அதான் இரைச்சல்."

அந்தப் பிள்ளைமேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்ல முடியாது. அது என்ன தப்பாகச் சொன்னது? இருந்தாலும் பஸ்ஸில் வரும்போது ரவியோடு பேசவில்லை. இத்தனை வருஷமும் உங்கள் காதால் கேட்கிறேன் என்று இருந்தேன். அது உங்கள் காதும் இல்லை, என் காதும் இல்லை. அப்படியானால் யாருடைய காது? மழை உங்களுக்கு அப்படி இரையவில்லை. என் குரலும் உங்களுக்கு ஆணி கிழித்த மாதிரி இல்லை. அதில் ஒரு நிம்மதி வரவேண்டும் அல்லவா? வரவில்லை, குழப்பம்தான் கூடியது. மழையும் இல்லை, குரலும் இல்லை என்றால் எதற்காக ஐயா கழற்றினீர்கள்? என் பேச்சே வேண்டாம் என்றா?

புது மெஷினைப் பற்றியும் சொல்கிறேன். அது கெட்டிக்கார மெஷின். பேச்சு எது, இரைச்சல் எது என்று தானே பிரித்து, இரைச்சலை அமுக்கிவிடுமாம். "எது முக்கியம்னு அதுவே பாத்துக்கும்மா" என்று அந்தப் பிள்ளை சொன்னது. எனக்கு எது முக்கியம் என்று அதற்கு யார் சொன்னது? வந்த மறுநாளே மழை வந்தது எனக்குத் தெரியவில்லை. கொடியில் போட்ட துணி முழுக்க நனைந்த பிறகு ஜன்னலில் பார்த்துத்தான் ஓடினேன். துணி நனைவது அதற்கு முக்கியமில்லை போலிருக்கிறது. என் குரலும் மாறிவிட்டது. ரேடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரி யாரோ ஒரு மரியாதையான பொம்பளை என் வாயிலிருந்து பேசுகிறாள். அவளோடு எனக்குப் பழக்கமில்லை.

ஆனால் பஸ் கண்டக்டர் சொன்ன ஊர்ப்பெயர் கேட்டது. கோயில் ஐயர் மந்திரத்தை எவ்வளவு விழுங்குகிறார் என்பதும் தெரிந்தது. பிறகு ஒன்று மாற்றி ஒன்று போட்டுப் பார்த்தேன். காலையில் உங்களுடையது, மத்தியானம் புதியது, பின்னேரம் உங்களுடையது. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு முடிவுக்கு வந்தேன். செல்விகூட, "இன்னைக்கி எந்தக் காதுக்கா?" என்று கேட்டுவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிக்கிறாள். புதியதை எடுத்தால் உங்களை மூடிப் போத்தலில் போட்டுவிட்டேன் என்று ஆகாதா? உங்களுடையதையே மாட்டிக்கொண்டிருந்தால் பிள்ளை இனி ஒரு தடவை கட்டிலில் கிடந்து கூப்பிட்டால் என்ன செய்வேன்? இரண்டு பக்கமும் இழுத்ததில் தலைதான் வலித்தது.

நேற்று ராத்திரி ரவி போன் எடுத்தான். அவன் கொழும்புக்குத் திரும்பும் முன்னால் அவனுடைய பழைய போனை எனக்குத் தந்து, அதைப் புது மெஷினோடு சேர்த்துவிட்டுப் போயிருந்தான். இதில் போன் பேசினால் குரல் நேராகக் காதுக்குள் வருகிறது. எனக்கு அது தெரியாது. "அம்மா" என்று கேட்டதும் நான் திரும்பிக் கதவைப் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், உங்கள் குரல். கொஞ்சம் இளசு, அவ்வளவுதான். உங்கள் மெஷினைப் போட்டிருந்த காலமெல்லாம் எனக்குக் கேட்காமல் போனது உங்கள் குரல்தான் என்று அப்போதுதான் விளங்கியது. போனை மடியில் வைத்துக்கொண்டேன்.

அவன் காய்ச்சல் ஒன்றும் இல்லை, நல்லா இருக்கேன் என்றான். நான் கேட்கவேண்டும் என்று நினைத்ததை அவனிடமே கேட்டேன். "ரவி, நான் பேசுறப்போ ஒங்கப்பா ஏன்டா மெஷினக் கழட்டுவாரு? நான் பேசுறது அவ்வளவு தொல்லையாடா?"



"என்னாம்மா இது? இதத்தான் கருமாதி முடிஞ்ச அன்னிக்கே சொன்னேனே. போன பொங்கலுக்கும் சொன்னேன். நீங்க தலையாட்டிட்டு, சாப்புடுறியான்னு கேட்டீங்க."

"எனக்கு எங்கடா கேட்டுச்சு. இப்ப சொல்லு."

"அப்பா சொல்வாரும்மா, மெஷின்ல கேட்டா எல்லாரும் ஒரே மாதிரி டப்பாக்குள்ளேருந்து பேசுறாங்கடா, ஒங்கம்மாவும் டப்பாக்காரி ஆயிடுறான்னு. கழட்டிட்டாத்தான் அவ கொரலு அவ கொரலாட்டம் இருக்குன்னு. இந்தத் தோட்டத்துலயே மெஷின் இல்லாம எனக்குக் கேக்குறது ஒங்கம்மா ஒருத்தி பேசுறதுதான்டா, மிச்சத்த அவ மொகத்தப் பாத்துப் புடிச்சிக்குவேன்னு சொல்லிச் சிரிப்பாரு."

நான் திரும்பிப் போத்தலைப் பார்த்தேன்.

"அம்மா, கேக்குதா?"

"கேக்குதுடா," என்றேன். அவன் கேட்ட கேள்விக்குச் சரியான பதில் சொல்லி எத்தனை காலம் ஆகியிருந்தது.

ஆகவே உங்களிடம் கேட்க வந்த கேள்விக்கு இனிப் பதில் வேண்டாம். சனிக்கிழமை போய் எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுவேன். துணி நனைந்தால் நனையட்டும், ஜன்னலைப் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் போத்தலுக்கு இன்று காலை தூள் மாற்றினேன். முகர்ந்து பார்த்தேன், நமத்துத்தான் போயிருந்தது. பழைய தூளில் தேத்தண்ணி போட்டேன், சாயம் பத்தவில்லை. ஒரு குழப்பம் போய் இன்னொன்று வந்து உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் சொன்னது பாராட்டா, இல்லை என் தொண்டையைப் பற்றிய நக்கலா? அதைச் சொல்லும்போது உங்கள் முகம் எப்படி இருந்தது என்று ரவியிடம் கேட்க மறந்துவிட்டேன். நீங்கள் அதை எனக்கு நேரே ஒரு தடவை சொல்லியிருந்தால் குடி முழுகியா போயிருக்கும்? வாயைத் திறந்து சொல்லாமல் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் நான் என்னவென்று எடுத்துக்கொள்வது?

இப்போது இரண்டு மெஷினையும் கழற்றி வைத்துவிட்டேன். மழை வெளியே பெய்கிறது, எனக்குத் தூரத்தில்தான் கேட்கிறது. எழுதியதை உங்களுக்கு வாசித்துக்கொண்டிருக்கிறேன், பிள்ளைக் காம்பராவில் கூப்பிட்ட அதே குரலில். செல்வி எட்டிப் பார்த்து, யாருகிட்ட பேசுறீங்க என்று கேட்டாள். அவள் வாயசைவைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன், அது உங்களோடு இருந்து பிடித்த வித்தை. ஒன்றுமில்லை என்று கையைக் காட்டி அனுப்பிவிட்டேன். என் குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. அதனால் என்ன, உங்களுக்குக் கேட்கும்.